காய் வெட்டுகளின்போது கணக்குத் தவறாமல் இருப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சதுரங்கத்தில் ஒரே கட்டத்தில் நான்கைந்து காய்கள் அடுத்தடுத்து வெட்டுப்படும்போது, முடிவில் யாருக்கு என்ன மிஞ்சும் என்பதைச் சொல்ல முடியாமல் புதியவர்கள் திணறுகிறார்கள். கூட்டல் கழித்தல் தெரியாததால் அவர்கள் திணறுவதில்லை. எதை முதலில் எண்ண வேண்டும், எதை அதன் பிறகு எண்ண வேண்டும் என்ற வரிசை அவர்களுக்கு யாராலும் சொல்லித் தரப்படவில்லை. பெரும்பாலோர் தாக்கும் காய்கள் எத்தனை, காக்கும் காய்கள் எத்தனை என்று தலைகளை மட்டும் எண்ணிவிட்டு வெட்டத் தொடங்குகிறார்கள்; பாதி வழியில் எண்ணிக்கை குழம்பியதும், வெட்டிய காய்களைப் பலகைக்கு வெளியே பார்த்து ஆறுதல் தேடுகிறார்கள். இந்த இரண்டு பழக்கங்களையும் விட்டுவிட்டு, ஒரே ஓர் எண்ணை மனத்தில் ஏந்திக்கொண்டு வெட்டுத் தொடரின் கடைசி வரை செல்வது எப்படி என்பதைக் கீழே படிப்படியாக விளக்கியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9 என்ற மதிப்புகள் யோசிக்காமல் நினைவுக்கு வர வேண்டும். ராஜாவை வெட்ட முடியாது என்பதால் அதற்கு மதிப்பு இல்லை. வெட்டுத் தொடரைக் கணக்கிடும்போது ஒவ்வொரு காய்க்கும் நின்று யோசித்தால், அதற்குள் பலகையின் படம் மனத்திலிருந்து கலைந்துவிடும்.

அடுத்தது, கட்டங்களின் பெயர்கள். ஏ முதல் எச் வரையிலான வரிசைகளையும் 1 முதல் 8 வரையிலான எண்களையும் கொண்டு எந்தக் கட்டத்தையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்திருந்தால், ‘அந்தக் குதிரை இங்கே வந்து, இந்தப் பிஷப் அங்கே போய்’ என்ற மங்கலான யோசனைக்கு இடமிருக்காது. கணக்குத் தவறுவதில் கணிசமான பங்கு இந்த மங்கலுக்கு உண்டு.

2. தொடக்க நிலுவையை அறிந்துகொள்ளுங்கள்

வெட்டு தொடங்கும் முன், பலகையில் இப்போது யார் எவ்வளவு முன்னால் இருக்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 39 புள்ளிகளுடன் ஆட்டத்தைத் தொடங்குவது உண்மைதான். ஆனால் நடு ஆட்டத்தில் இரு பக்கத்தையும் தனித்தனியாகக் கூட்டி ஒப்பிடுவது வீண் வேலை. ஒத்த காய்களை நேருக்கு நேர் கழித்துவிடுங்கள். இரு பக்கமும் ராணி இருக்கிறதா, நீக்குங்கள். இரு பக்கமும் இரண்டு யானைகளா, நீக்குங்கள். குதிரைகளையும் பிஷப்களையும் சேர்த்து எண்ணி நீக்குங்கள். கடைசியாகச் சிப்பாய்களை எண்ணுங்கள். மிஞ்சும் வித்தியாசமே நிலுவை.

பலகைக்கு வெளியே கிடக்கும் காய்களை எண்ணாமல், பலகையில் நிற்கும் காய்களையே எண்ண வேண்டும். எட்டாம் வரிசையை அடைந்து ராணியாக மாறிய சிப்பாய், வெட்டுப்பட்ட சிப்பாயைப் போலவே வெளியே கிடக்கும். அதைப் பார்த்து எண்ணுபவருக்கு ஒரு ராணியளவு கணக்கு பிசகும்.

3. சண்டை நடக்கும் கட்டத்தைக் குறித்து, இரு பட்டியல்களை எடுங்கள்

எந்தக் கட்டத்தில் வெட்டுகள் நடக்கப்போகின்றன என்பதை முதலில் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கட்டத்தை எட்டக்கூடிய உங்கள் காய்களையும், எதிராளியின் காய்களையும் தனித்தனியாகப் பட்டியலிடுங்கள். எண்ணிக்கையோடு நிறுத்தாமல், எந்தெந்தக் காய் என்பதையும் சொல்லிக்கொள்ள வேண்டும், ‘எனக்கு மூன்று, அவருக்கு இரண்டு’ என்பதைவிட ‘எனக்குக் குதிரை, பிஷப், யானை, அவருக்குக் குதிரை, பிஷப்’ என்பதே பயன்படும்.

பட்டியலில் மூன்று வகைக் காய்கள் அடிக்கடி விடுபடுகின்றன அல்லது தவறாகச் சேர்கின்றன. முதலாவது, மற்றொரு காய்க்குப் பின்னால் அதே கோட்டில் நிற்கும் காய். டி2-இல் ஒரு யானையும் டி1-இல் மற்றொரு யானையும் நின்றால், டி வரிசையில் முன்னால் உள்ள கட்டத்துக்கு இரண்டும் கணக்கில் வரும். முன்னது வெட்டியதும் பின்னதற்கு வழி திறக்கிறது. ஈ4 சிப்பாய் டி5-இல் வெட்டும்போது எஃப்3-இல் நிற்கும் பிஷப்புக்கும் அதே விதத்தில் வழி திறக்கும். ஆனால் முன்னால் ராணியும் பின்னால் யானையும் நிற்குமானால், ராணிதான் முதலில் போக வேண்டியிருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது, ராஜா. ராஜாவும் வெட்டும் காய்தான் என்றாலும், எதிராளிக்கு அந்தக் கட்டத்தில் இனி ஒரு காய்கூட மிச்சமில்லை என்ற நிலையில் மட்டுமே அது வெட்ட முடியும். ஆகவே பட்டியலில் அதன் இடம் எப்போதும் கடைசி. மூன்றாவது, முடக்கப்பட்ட காய். அதாவது, நகர்ந்தால் தனக்குப் பின்னால் நிற்கும் ராஜாவையோ ராணியையோ வெளிப்படுத்திவிடும் காய். ராஜாவை மறைத்து நிற்கும் காய் அந்தக் கோட்டை விட்டு விலக விதியே இடம் தராது. ராணியை மறைத்து நிற்கும் காய் அப்படியல்ல. அது நகரலாம், நகர்வது தகுமா என்பது வேறு கேள்வி. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஏழாம் படியில் காணலாம்.

4. மலிவான காய் முதலில் செல்ல வேண்டும்

ஈ5-இல் கறுப்புச் சிப்பாய் ஒன்று நிற்கிறது என்று கொள்வோம். அதைச் சி6 குதிரையும் டி6 பிஷப்பும் காக்கின்றன. வெள்ளைக்கு எஃப்3-இல் குதிரை, பி2-இல் பிஷப், ஈ1-இல் யானை ஆகிய மூன்றும் ஈ5-ஐத் தாக்குகின்றன. இடையில் வேறு தடையில்லை. வெள்ளையின் பார்வையில் கணக்கு இப்படி ஓடும் (ஒவ்வோர் எண்ணும் அதுவரையிலான மொத்தம்): குதிரை சிப்பாயை வெட்டுகிறது, +1. குதிரை குதிரையை வெட்டுகிறது, −2. பிஷப் குதிரையை வெட்டுகிறது, +1. பிஷப் பிஷப்பை வெட்டுகிறது, −2. யானை அந்தப் பிஷப்பை வெட்டுகிறது, +1. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம்.

அதே நிலையில், அதே மூன்று காய்களைக் கொண்டு, இரண்டாவது வெட்டுக்கு மட்டும் பிஷப்புக்குப் பதிலாக யானையை அனுப்பிப் பாருங்கள். +1, −2, +1 வரை எந்த வித்தியாசமும் தெரியாது. அடுத்து கறுப்புப் பிஷப் யானையை வெட்டும்போது எண் −4 ஆகிறது. வெள்ளைப் பிஷப் அதைத் திரும்ப வெட்டினாலும் −1-இல்தான் முடியும். மூன்று பேர் தாக்க, இரண்டு பேர் காத்த அதே சண்டை, வரிசை மாறியதால் லாபத்திலிருந்து நஷ்டமாகிவிட்டது. எதிராளி வெட்டப்போகும் காய் எவ்வளவு மலிவாக இருக்கிறதோ, அவ்வளவு உங்களுக்கு நல்லது என்பதே இந்த விதியின் காரணம்.

5. ஒவ்வொரு வெட்டுக்கும் எண்ணை உடனே திருத்துங்கள்

மேலே உள்ள எடுத்துக்காட்டில் நான் எங்கும் ‘வெள்ளை மொத்தம் 7 எடுத்தது, கறுப்பு மொத்தம் 6 எடுத்தது’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு மொத்தங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருப்பவர் நான்காவது வெட்டுக்குள் ஒன்றை மறந்துவிடுகிறார். ஒரே எண், எப்போதும் உங்கள் பக்கத்திலிருந்து: நீங்கள் வெட்டினால் வெட்டிய காயின் மதிப்பைக் கூட்டுங்கள், எதிராளி வெட்டினால் இழந்த காயின் மதிப்பைக் கழியுங்கள். தொடர் முடிந்ததும் இரண்டாம் படியில் அறிந்த நிலுவையுடன் இதைச் சேர்த்தால் புதிய நிலுவை கிடைத்துவிடும்.

எண்ணைத் திருத்தும்போதே மனப்படத்தையும் திருத்த வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ‘இப்போது அந்தக் கட்டத்தில் நிற்பது யார், பலகையை விட்டுப் போனது யார், முறை யாருடையது’ என்ற மூன்றையும் சொல்லிக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்டுப் போன காய் இன்னும் தன் பழைய இடத்தில் நின்று ஒரு கட்டத்தைக் காத்துக்கொண்டிருப்பதாக எண்ணுவதும், சண்டைக் கட்டத்துக்கு வந்துவிட்ட காய் தன் பழைய கட்டத்திலும் நிற்பதாக எண்ணுவதும் நல்ல ஆட்டக்காரர்களிடமும் காணப்படும் பிழைகள். வேகத்தைக் குறைப்பது மட்டும் இதற்கு மருந்தாகாது. காய் புறப்பட்ட கட்டம் காலியாகிவிட்டது என்பதை வலிந்து நினைவில் பதித்துக்கொள்வதே மருந்து.

6. இருவருக்கும் நிறுத்தும் உரிமை உண்டு

வெட்டுத் தொடர் ஓட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. செக் (ராஜாவின் மீதான தாக்குதல்) போன்ற நெருக்கடி இல்லாதவரை, எந்த இடத்திலும் ஒருவர் ‘இதோடு போதும்’ என்று வேறு நகர்த்தலை ஆடலாம். இதை மறப்பவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள்.

ஒன்று, எதிராளி நிச்சயம் வெட்டுவார் என்று நம்புவது. டி5-இல் உள்ள கறுப்புச் சிப்பாயை டி8 ராணி மட்டும் காக்கிறது. வெள்ளைக்குப் பி3-இல் பிஷப்பும் டி1-இல் யானையும் உள்ளன, டி வரிசை திறந்திருக்கிறது. பிஷப் சிப்பாயை வெட்டினால் +1, ராணி பிஷப்பை வெட்டினால் −2, யானை ராணியை வெட்டினால் +7. ஆனால் ராணியைக் கொடுக்கக் கறுப்பு எதற்காக முன்வர வேண்டும்? அவர் இரண்டாவது வெட்டையே ஆடமாட்டார். ஆகவே இந்தத் தொடரின் உண்மை மதிப்பு +1 மட்டுமே.

மற்றொன்று, தலை எண்ணிக்கையை நம்பித் தொடங்குவது. டி6-இல் உள்ள கறுப்புச் சிப்பாயைச் சி7 சிப்பாய் காக்க, வெள்ளை யானைகள் இரண்டும் டி வரிசையில் நிற்கின்றன. தாக்குபவர் இருவர், காப்பவர் ஒருவர். இருந்தும் யானை சிப்பாயை வெட்டினால் +1, சிப்பாய் யானையை வெட்டினால் −4, மறு யானை சிப்பாயை வெட்டினால் −3. தொடங்கவே கூடாத தொடர் இது.

இரண்டு தவறுகளுக்கும் ஒரே தீர்வு, தொடரை முன்னோக்கி எழுதிய பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து பார்ப்பது. ஒவ்வொரு வெட்டின் இடத்திலும், வெட்ட வேண்டியவரின் பக்கம் நின்று, ‘வெட்டினால் தொடர் எந்த எண்ணில் முடியும், வெட்டாமல் நின்றால் எண் என்ன’ என்று கேளுங்கள். நிற்பது அவருக்கு நல்லதென்றால், அதற்குப் பிறகு வரும் எண்கள் அனைத்தையும் அடித்துவிடுங்கள்.

7. இடையில் புகும் செக்கையும், முடக்கப்பட்டதாகத் தோன்றும் காயையும் சோதியுங்கள்

இதுவரையிலான படிகள் ஒரே கட்டத்துக்குள் அடங்கியவை. உண்மையான ஆட்டத்தில் கணக்கைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் அந்தக் கட்டத்துக்கு வெளியிலிருந்து வருகின்றன. குயின்ஸ் காம்பிட் மறுப்பு என்ற தொடக்கத்தில், எலிஃபன்ட் ட்ராப் என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் தொடரைப் பலகையில் வைத்துப் பாருங்கள். இந்தப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடரை நான் கண்டதில்லை.

வெள்ளைச் சிப்பாய் டி4-க்கு, கறுப்புச் சிப்பாய் டி5-க்கு. வெள்ளை சி4, கறுப்பு ஈ6. வெள்ளைக் குதிரை சி3-க்கு, கறுப்புக் குதிரை எஃப்6-க்கு. வெள்ளைப் பிஷப் ஜி5-க்கு வருகிறது. எஃப்6 குதிரைக்குப் பின்னால் டி8-இல் ராணி நிற்பதால் அந்தக் குதிரை முடங்கியதாகத் தோன்றுகிறது. கறுப்பு தன் மற்றொரு குதிரையை டி7-க்குக் கொண்டுவருகிறது.

இப்போது வெள்ளை கணக்கிடுகிறது. சி4 சிப்பாய் டி5-இல் வெட்டுகிறது, +1. ஈ6 சிப்பாய் திரும்ப வெட்டுகிறது, 0. இனி டி5 சிப்பாயைக் காப்பது எஃப்6 குதிரை மட்டுமே. அது நகர்ந்தால் ராணி போகும். எனவே சிப்பாய்க்குக் காவலே இல்லை என்று வெள்ளை முடிவு செய்து, குதிரையால் டி5-ஐ வெட்டுகிறது. +1.

முடங்கியிருந்த குதிரை நகர்கிறது, வெள்ளைக் குதிரையை வெட்டுகிறது: −2. பிஷப் டி8-இல் ராணியை எடுக்கிறது: +7. பலரும் தம் கணக்கை இந்த இடத்தில் மகிழ்ச்சியுடன் மூடிவிடுகிறார்கள். ஆனால் கறுப்புப் பிஷப் எஃப்8-இலிருந்து பி4-க்கு வந்து செக் கொடுக்கிறது. சி3-இலிருந்த குதிரை போய்விட்டது. வெள்ளை ராஜா நகரக் கட்டமில்லை. ராணியை டி2-இல் வைத்து மறைப்பதைத் தவிர வேறு நகர்த்தலே கிடையாது. பிஷப் அந்த ராணியை வெட்டுகிறது: −2. ராஜா பிஷப்பை வெட்டுகிறது: +1. கறுப்பு ராஜா டி8-இல் உள்ள பிஷப்பை வெட்டுகிறது: −2. ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைக் கொடுத்த நிலையில் வெள்ளை நிற்கிறது.

இதிலிருந்து இரண்டு சோதனைகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ராணியை மறைத்து நிற்கும் காயைப் பட்டியலிலிருந்து நீக்கும் முன், ‘அது நகர்ந்து, நான் ராணியை எடுத்தால், அடுத்து எனக்குச் செக் உண்டா’ என்று பாருங்கள். தொடரின் ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும், ‘எதிராளி திரும்ப வெட்டாமல் முதலில் செக் கொடுக்கவோ, வேறு பெரிய காயைத் தாக்கவோ முடியுமா’ என்று பாருங்கள். மேலே கண்ட தொடரில் டி8 பிஷப்பைக் கறுப்பு உடனே வெட்ட அவசரப்படவில்லை. அது எங்கும் போகாது, ஏனெனில் வெள்ளைக்கு ஒரே ஒரு நகர்த்தல்தான் இருந்தது.

எப்படியும் இழக்கப்போகும் காயைக் கணக்கிடும்போதும் இதே விழிப்பு தேவை. தப்ப வழியில்லாத காய், போகும் முன் ஒரு சிப்பாயையாவது எடுத்துக்கொண்டு போகும். அந்த 1 புள்ளியை உங்கள் எண்ணிலிருந்து முன்கூட்டியே கழித்துவிடுங்கள்.

8. வெட்டுகள் நின்ற பிறகும் ஒரு நகர்த்தல் தள்ளிப் பாருங்கள்

ரூய் லோபஸ் தொடக்கத்தில் ஈ4, ஈ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் பி5, கறுப்புச் சிப்பாய் ஏ6. வெள்ளைப் பிஷப் சி6 குதிரையை வெட்டுகிறது, +3. டி7 சிப்பாய் சி6-இல் திரும்ப வெட்டுகிறது, 0. ஈ5 சிப்பாய்க்குக் காவல் போய்விட்டதால் வெள்ளைக் குதிரை அதை எடுக்கிறது, +1. வெட்டுகள் நின்றுவிட்டன, ஆனால் கணக்கு நிற்கவில்லை. கறுப்பு ராணி டி4-க்கு வந்து, ஈ5 குதிரையையும் ஈ4 சிப்பாயையும் ஒருசேரத் தாக்குகிறது. குதிரை எஃப்3-க்குத் திரும்பினால் ராணி ஈ4-இல் செக்குடன் சிப்பாயை எடுத்துக்கொள்கிறது. எண் மீண்டும் 0.

எனவே, கடைசி வெட்டுக்குப் பின் முறை யாருடையது என்பதை உறுதிசெய்துகொண்டு, அந்த நிலையில் காவலில்லாமல் நிற்கும் காய்கள் எவை, இரண்டை ஒருசேரத் தாக்கும் நகர்த்தல் உண்டா, செக் உண்டா என்று பார்த்த பிறகே எண்ணை இறுதியாக்க வேண்டும். காவலுக்கு நின்ற காய் வெட்டச் சென்றுவிட்டால், அது காத்துவந்த கட்டம் அநாதையாகிவிடும் என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

9. எண் சமமாக இருந்தாலும் எதற்கு எது என்று கேளுங்கள்

இத்தாலியன் தொடக்கத்தில், கறுப்பு கோட்டை கட்டியதும் சி4 பிஷப்பையும் ஜி5 குதிரையையும் எஃப்7-மீது ஏவுவது புதியவர்களின் விருப்பமான தாக்குதல். குதிரை சிப்பாயை வெட்டுகிறது, +1. எஃப்8 யானை குதிரையை வெட்டுகிறது, −2. பிஷப் யானையை வெட்டுகிறது, +3. ராஜா பிஷப்பை வெட்டுகிறது, 0. கணக்கு சமம். ஆனால் வெள்ளை இழந்தது களத்தில் இறங்கிவிட்ட இரண்டு காய்களை. பெற்றதோ, இன்னும் வேலைக்கு வராத யானை ஒன்றையும் சிப்பாய் ஒன்றையும். நடு ஆட்டத்தில் இரண்டு சிறு காய்கள் (குதிரை, பிஷப்) இணைந்து செய்யும் வேலையை யானையும் சிப்பாயும் செய்ய முடிவதில்லை. ஆகவே இந்த 0 உண்மையில் வெள்ளைக்குப் பாதகமான 0.

ராணிக்கு மூன்று சிறு காய்கள் என்பதும் எண்ணில் சமம்தான். அங்கும் நிலைதான் தீர்மானிக்கும். இரண்டு பிஷப்களும் கைவசம் உள்ளபோது ஒன்றைக் குதிரைக்குக் கொடுப்பது சிறிய இழப்பாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. இவற்றையெல்லாம் எண்ணுக்குள் திணிக்க முயல வேண்டாம். முதலில் எண், பிறகு இந்தக் கேள்வி என்று பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலப்பவர்கள், தாம் விரும்பும் வெட்டுக்கு ஏற்றபடி மதிப்புகளை வளைத்துக்கொள்கிறார்கள்.

10. பழகும் முறை

முடிந்துபோன ஆட்டம் ஒன்றை எடுத்து, வெட்டுத் தொடர் தொடங்கும் நிலையில் நிறுத்துங்கள். காய்களைத் தொடாமல், ஒவ்வொரு வெட்டுக்கும் மாறும் எண்ணை வரிசையாகத் தாளில் எழுதுங்கள்; நிறுத்தும் இடங்களைப் பின்னோக்கி வந்து குறியுங்கள்; அதன் பிறகே காய்களை நகர்த்திச் சரிபாருங்கள். விடை தவறினால் இறுதி எண்ணை மட்டும் திருத்திவிட்டுப் போகாமல், எந்த இடத்தில் உங்கள் வரிசை பலகையிலிருந்து பிரிந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள். விடுபட்டது பின்னால் நின்ற காயா, இடையில் புகுந்த செக்கா, போன காயின் நிழலா என்பது இரண்டு மூன்று நிலைகளிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு வகைப் பிழையே திரும்பத் திரும்ப வரும்.

ஒரே கட்டத்தில் இரண்டு மூன்று வெட்டுகள் உள்ள நிலைகளில் தொடங்கி, ஐந்தாறு வெட்டுகள் உள்ளவற்றுக்குச் செல்லுங்கள். இரண்டு கட்டங்களில் ஒரே நேரத்தில் சண்டை நடக்கும் நிலைகளைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதுவதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஏனெனில் போட்டி ஆட்டத்தின்போது குறிப்புகளைப் பயன்படுத்த, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் அனுமதிப்பதில்லை. அதே விதிகளின்படி, ஆடும் நோக்கத்துடன் எதிராளியின் காயைத் தொட்டுவிட்டால், அதை வெட்ட இயலுமானால் வெட்டியே ஆக வேண்டும். ஆகவே பயிற்சியின்போதும் இறுதி எண்ணைச் சொல்லி முடிக்கும் வரை கையைப் பலகைக்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.